குடம் தயங்கிய இடம்

மக்கா,

நீ ரயிலேறிப் போனதிலிருந்து உன்னிடம் சொல்லாமல் விட்ட ஒன்று தொண்டையில் மீன்முள் போல நிற்கிறது. போனில் சொல்லலாமென்றால் நீ பாதிக் காதைத்தான் தருவாய். மீதிக் காது அந்தக் கம்ப்யூட்டர் பெட்டியில் இருக்கும். அதனால் எழுதுகிறேன். நான் படித்தது அஞ்சாம் வகுப்பு. எழுத்து கோணலாக இருந்தாலும் நினைவு கோணாது. போன வாரம் பேசும்போது, போகிற போக்கில் ஒன்று சொன்னாய். "அப்பா அந்த எடத்துல அடிச்சத மட்டும் எடுத்துட்டேம்மா. கை நோவோட அடிச்சதுல்லா, அதயும் சேத்தா பெட்டி தப்பாப் படிச்சுக்கும்." நானும் சரி என்று சொல்லி வைத்துவிட்டேன். சரி இல்லை. அதை எடுக்காதே. எடுத்திருந்தால் திரும்ப வை. ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

உனக்கு மட்டும் எழுதி உறையில் போட்டு ஒட்டியிருக்கலாம். ஆடிக் கொடைக்கு விழா மலர் போடுகிறோம், பழைய ஆட்கள் ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கோயில் பையன்கள் வந்து கேட்டார்கள். இதையே கொடுப்பதென்று முடிவு செய்துவிட்டேன். என்னைப் பற்றிச் சொன்ன சொல்லை ஊரே கூடி நின்று கேட்டது. அதற்கு மறுமொழி மட்டும் எதற்காக மூடிய உறைக்குள் போக வேண்டும்? ஆவணியில் உனக்குக் கல்யாணம். குலசேகரத்தில் இருந்து ஒரு பெண் இந்த வீட்டுக்கு வரப் போகிறாள். வருவதற்கு முன்னால் அவளும் படிக்கட்டும், எந்த வீட்டுக்கு வருகிறோம் என்று.

உன் அப்பா வில்லுப்பாட்டில் குடம் அடிப்பார் என்பது உனக்குத் தெரியும். ஆனால் நீ பார்த்தது அவருடைய கடைசிக் காலத்துக் கை. நான் கல்யாணமாகி வந்தபோது பார்த்த கை வேறு. புலவர் வீசுகோலால் வில்லைத் தட்டிப் பாட, வில்லின் நடுவில் கட்டிய மண்குடத்தின் வாயில் இவர் மட்டையால் அடிப்பார். தட்டட்டும், வாசிக்கட்டும், உருட்டட்டும், எல்லாம் அந்த ஒரு வாய்க்குள்தான். ஆள் பேச மாட்டார். வீட்டில் நாள் முழுக்க இருந்தாலும் இருக்கிறாரா என்று எட்டிப் பார்க்க வேண்டும். பேச வேண்டியதை எல்லாம் குடத்துக்குள் போட்டு வைத்திருந்தாரோ என்னவோ. பெண் பார்க்க வந்தபோது என் அம்மா, "மாப்பிள்ளை ஒரு வார்த்த பேசலியே" என்றாள். கூட வந்திருந்த அவர் அக்கா, அதாவது உன் அத்தை, சொன்னாள்: "அவனுக்கும் சேத்து நான் பேசுவேன், கவலப்படாதீங்க." அன்றைக்கே நான் கவலைப்பட்டிருக்க வேண்டும்.

எங்கள் இசக்கியம்மன் கோயிலில் உன் அத்தைக்குத்தான் சாமி வரும். அவளுக்கு முன்னால் அவள் பெரியம்மைக்கு வந்தது. வில்லில் அம்மன் கதை ஏறி ஏறி வந்து, அம்மன் ஊர் எல்லையில் கால் வைக்கும் பாட்டடி வரும்போது குடம் வேகமெடுத்துத் துடியாகும். அந்த அடியில்தான் அத்தையின் முடி அவிழும். நான் வந்த முதல் வருஷம், மதியக் கொடை. வெயிலில் வரிசையாகப் பொங்கல் பானைகள். எல்லார் பானையும் பொங்கிக் குரவை போட்டாயிற்று, என் பானை மட்டும் முனகிக்கொண்டு கிடக்கிறது. எப்படிப் பொங்கும்? அடுப்பெரிக்க எனக்கு ஈர ஓலையைத் தள்ளிவிட்டதே உன் அத்தைதான். அந்த ஓலையில் இருந்த பச்சைக் கீற்று எத்தனை என்பதுகூட எனக்கு இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. அப்போது வில்லில் அந்த அடி வந்தது. உன் அப்பாவின் கை பறந்தது. அத்தை எழுந்து ஆடி, நேரே என் பானைக்கு முன்னால் வந்து நின்று, "புதுசா வந்தவ பான பொங்கல. அவ நெஞ்சில கறுப்பு இருக்கு" என்றாள். குரவை போட்ட வாய்கள் எல்லாம் அப்படியே நின்றன. நான் தலையைத் தூக்கிப் பார்த்தது ஒரே ஒரு ஆளைத்தான். அவர் குனிந்தபடி அடித்துக்கொண்டிருந்தார். ஒரு நிமிஷம்கூட நிறுத்தவில்லை. ஏறிட்டுப் பார்க்கவில்லை.

சாமி ஆடும்போது குடத்தை நிறுத்தக் கூடாது என்பது எனக்கும் தெரியும். தெரிந்து என்ன? அன்றைக்கு மனதில் போட்ட முடிச்சு அது. அண்ணாச்சி வீட்டு மைனியில் தொடங்கி மோர் விற்க வருகிறவள் வரை அந்த வருஷம் முழுக்க என் நெஞ்சைப் பார்த்துத்தான் பேசினார்கள். தம்பி அடித்து ஏற்றுகிறான், அக்காள் ஆடி இறக்குகிறாள், இரண்டு பேரும் சேர்ந்து என்னை ஊருக்கு நடுவில் நிறுத்திவிட்டார்கள் என்றுதான் நான் நினைத்தேன். அடுத்த கொடைக்கு நான் வரமாட்டேன் என்று வீட்டில் உட்கார்ந்துவிட்டேன். உன் அக்கா அப்போது வயிற்றில். அவர் மேல்துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நின்று சொன்னார்:

"நீ வா. இந்த வருஷம் ஒண்ணும் வராது."

"சாமி வராதுன்னு நீங்க எப்பிடிச் சொல்லுகிய? ஒங்க கிட்ட சொல்லிட்டா வருது?"

"வா, பாப்போம்."

போனேன். அத்தையின் கை நடுங்கியது, உடம்பு ஒரு சுற்றுச் சுற்றியது, பிறகு அடங்கிவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து வேறு பாட்டில் சாமி லேசாக வந்து, மஞ்சளும் திருநீறும் கொடுத்துவிட்டு மலையேறிவிட்டது. ஒரு சொல் பேசவில்லை. அதற்குப் பிறகு எல்லா வருஷமும் அப்படித்தான். நான் வைத்த நேர்ச்சை பலித்துவிட்டது என்று அம்மனுக்கு வெள்ளிக் கண்மலர் வாங்கிப் போட்டேன். அத்தைக்கு மட்டும் முகம் சுருங்கிப் போகும். "இப்பல்லாம் நல்லா வர மாட்டேங்கு" என்று யாரிடமோ சொல்வது போல என்னிடம் சொல்வாள். எனக்குச் சர்க்கரையாக இருக்கும். அன்றைக்கு வந்ததும் பொய்தான், ஈர ஓலை தந்த கையே சாமி வாயையும் வைத்துக்கொண்டது என்று நான் எழுதி ஒட்டாத குறையாக நம்பிவிட்டேன்.

அவரும் போய்ச் சேர்ந்த பிறகு, இப்போது நீ வந்தாய். பெட்டிக்குப் பாட்டுக் கேட்கச் சொல்லிக்கொடுத்து, பிறகு அதையே வாசிக்க வைப்பதுதான் உன் உத்தியோகம் என்று நீ சொன்னபோது, இதற்கெல்லாமா சம்பளம் என்று கேட்டேன். மஸ்கட்டில் இருந்து பக்கத்து வீட்டுக்காரர் கொண்டுவந்த டேப்ரிக்கார்டரில் வருஷா வருஷம் பிடித்த கொடைக் கேசட்டுகளை என்னிடம் வாங்கிக்கொண்டு போனாய். மறுபடி வந்தபோது நடுக்கூடத்தில் ஸ்பீக்கரை வைத்து, "அப்பா அடிச்ச அடி எல்லாத்தயும் ஒண்ணுவிடாம எழுதிக் குடுத்திருக்கேன், கேளு" என்றாய். கேட்டேன். அடி எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் உயிர் இல்லை. அத்தை அப்போது நாற்காலியில் உட்கார்ந்து முறுக்கை ஊறவைத்துத் தின்றுகொண்டிருந்தாள். போன வருஷம் விழுந்ததிலிருந்து அவளுக்கு ஆள் நினைவில்லை, நம் வீட்டில்தான் இருக்கிறாள். என்னைத் தன் அம்மை என்றும், உன்னை யாரோ மின்சார ஆபீசில் இருந்து வந்தவன் என்றும் நினைத்திருக்கிறாள். அவள் சொன்னாள், "ஏலே, யாருல மில்லுல மோட்டாரப் போட்டது? அணைங்கலே." நீ சிரித்தாய். எனக்கும் சிரிப்பு வந்தது, அவள் முன்னால் அடக்கிக்கொண்டேன்.

பிறகு அந்த ஒரு வாரம். மக்கா, உன் அப்பா போன பிறகு நான் இவ்வளவு சந்தோஷமாக இருந்த நாட்கள் இல்லை. நீ கேசட்டை ஓடவிடுவாய், நான் சோற்றுக்கு அரிசி களைந்துகொண்டே, "இங்க அடி முடியுது, இங்க பாட்டு முடியுது, இங்க கத திரும்புது" என்று சொல்வேன், நீ குறித்துக்கொள்வாய். கதைக்குள் பாட்டு, பாட்டுக்குள் கண்ணி, கண்ணிக்குள் அடி என்று நீ படமாக வரைந்து காட்டியபோது எனக்கு நம் வயல்தான் தெரிந்தது. நாற்றுமுடியைத் தலையில் சுமந்து போகிறவள் சின்ன வரப்பில் ஏறும்போது கால் ஒரு துளி தயங்கும். பெரிய வரப்பில் இன்னும் கொஞ்சம். ரோட்டில் ஏறும்போது நின்று மூச்சு விட்டுத்தான் ஏறுவாள். குடமும் அப்படித்தான் நடந்திருக்கிறது. அடி முடிகிற இடத்தில் ஒரு துளி, கண்ணி முடிகிற இடத்தில் கொஞ்சம், பாட்டு முடிகிற இடத்தில் நன்றாக. கதை உச்சிக்குப் போகும்போது மட்டும் வரப்பே இல்லாதது போல ஓட்டம். அவர் இதை யாரிடமும் படித்ததில்லை, யாருக்கும் சொன்னதில்லை. நீ அதை அளந்து பெட்டிக்குச் சொல்லிக்கொடுத்தாய். ஒரு இடத்தில் நான், "இங்க வேகமா அடிப்பாரு" என்றேன், நீ, "இல்லம்மா, மெதுவாத்தான் அடிச்சிருக்காரு" என்றாய். ஒங்கப்பனக் கட்டினது நானா நீயா என்று சண்டை போட்டேன். போட்டுக் காட்டினாய். மெதுவாகத்தான் இருந்தது. என் நினைவை ஒருவன் ஜெயித்த நாள் அது, அதையும் மறக்கமாட்டேன்.

அப்புறம் அவர் ஒருநாளும் அடிக்காத ஒரு பாட்டைப் பெட்டியை அடிக்கச் சொன்னாய். "இது அப்பா அடிச்சதே இல்ல. பாட்டு எப்பிடிக் கட்டியிருக்குன்னு பாத்து, அப்பா மாதிரி அதுவே அடிக்குது." நான் கையில் இருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டேன். அவர் பக்கத்து அறையில் உட்கார்ந்திருப்பது போல இருந்தது. அந்த ருசியில்தான், "அம்மன் கதயப் போடு" என்று சொன்னேன். அது என் வாயில் இருந்துதான் வந்தது.

நடந்தது உனக்குத் தெரியும். ஊருக்காகச் சொல்கிறேன். பெட்டி ஏறி ஏறி வந்தது. அம்மன் எல்லையில் கால் வைக்கும் அடியில் பறந்தது. நாற்காலியில் இருந்து சாயா குடிக்கக்கூடத் தானாக எழுந்திருக்காத உன் அத்தை எழுந்தாள். முடியைப் பிரித்தாள். நேரே என் முன்னால் வந்து நின்றாள். "புதுசா வந்தவ பான பொங்கல. அவ நெஞ்சில கறுப்பு இருக்கு." அதே சொல். அதே குரல். நீ பதறிப்போய் ஸ்பீக்கரை அணைத்தாய். அவள் அப்படியே தொய்ந்து என் தோளில் விழுந்தாள். கொஞ்ச நேரத்தில் கண்ணைத் திறந்து, "எம்மா, சாயா இருக்கா?" என்றாள்.

பெற்ற பிள்ளையின் பெயர் நினைவில்லாதவள் நடிக்க முடியாது, மக்கா. அதுவரை நான் தூக்கிச் சுமந்த ஒரு கல் அன்றைக்குக் கீழே விழுந்தது. அந்த வார்த்தையை அவள் யோசித்துச் சொல்லவில்லை. குடம் அந்த உயரத்துக்குப் போனால் அவள் உடம்பு எழுந்திருக்கும். எழுந்தால் அந்தச் சொல் வரும். அது அம்மனா, அவள் அடிமனமா, பாட்டா, எனக்குத் தெரியாது. ஈர ஓலை மட்டும் அவள் யோசித்துத்தான் தந்தாள், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

நீதான் விடவில்லை. பிறகு கேசட்டுகளை ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டாய். "ஒரு காரியம் பாத்தியாம்மா? மொத வருஷக் கேசட்டுல அப்பா இந்த அடியில பறக்காரு. பெட்டி அதத்தான் செஞ்சிருக்கு. மத்த எல்லா வருஷமும் இந்த ஒரு அடியில மட்டும் கை எறங்குது. பாட்டுக் கட்டுமானப்படி இங்க ஏறணும். ஏன் எறங்குது?" திரையில் மலை மாதிரி ஏறுகிற கோட்டில் அந்த இடத்தில் மட்டும் ஒரு பள்ளம். நான் யோசிக்கவே இல்லை. "அவருக்கு மணிக்கட்டு நோவுல்லா" என்றேன். நீயும் அப்படியே எழுதிக்கொண்டாய்.

மணிக்கட்டு நோவுதான். புலவர் வீட்டு வாசலில் வந்து நின்று சத்தம் போட்டது எனக்குக் காதில் இருக்கிறது. "ஏலே, நல்லா ஏறி வாற எடத்துல ஒனக்குக் கைக்கு என்னல எளவு வருது?" "மணிக்கட்டுல ஒரு பிடித்தம், அண்ணாவி." புலவர் திரும்பிப் போன பிறகு நான் தைலத்தைச் சூடாக்கித் தேய்த்துவிடுவேன். ஊரை என்மேல் பேசவிட்டு வேடிக்கை பார்த்த கைக்குத் தைலம் வேறயா என்று வாய்க்குள் திட்டிக்கொண்டேதான் தேய்ப்பேன். உன் அப்பா கையை நீட்டிக்கொண்டிருப்பார். ஒரு தடவைகூட வலிக்கிறது என்று முகம் சுளித்ததில்லை.

நீ ரயிலேறிய மறுநாள் தோசைக்கு அரைத்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் உறைத்தது. நோவு என்றால் அந்த ஒரு அடியில் மட்டும் எப்படி நோகும்? அதற்கு அடுத்த பாட்டு அதைவிடத் துடி; அதில் கை பறந்ததை நீயே கோடு போட்டுக் காட்டினாய். முதல் வருஷம் இல்லாத நோவு, நான் கொடைக்கு வரமாட்டேன் என்று உட்கார்ந்த வருஷத்தில் இருந்து எப்படித் தொடங்கியது? "நீ வா, இந்த வருஷம் ஒண்ணும் வராது." கிரைண்டரை அணைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அவருக்கு அம்மன்மேல் இருந்த பயம் உனக்குத் தெரியாது. செருப்போடு கோயில் தெருவில்கூட நடக்கமாட்டார். அந்த மனுஷன், அம்மன் எல்லையில் கால் வைக்கும் அடியில், வருஷா வருஷம், அம்மனைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லியிருக்கிறார். கொடை முடிந்த மறுநாள் காலையில் தனியாகக் கோயிலுக்குப் போய் ஒரு தேங்காயை உடைத்துவிட்டு வருவார். எதற்கு என்றால், "சும்மா" என்பார். சும்மா இல்லை. செய்த குற்றத்தைப் பொறுத்துக்கொள் என்று கேட்டுவிட்டு வந்திருக்கிறார். புலவரிடம் ஏச்சு, அம்மனிடம் பயம், அக்காளின் சுருங்கிய முகம், வீட்டில் என் வாய். எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு அந்தக் கை அந்த ஓர் அடியில் மட்டும் இறங்கியிருக்கிறது.

அதைத்தான் நீ பிழை என்று எடுத்துப் போட்டிருக்கிறாய். உன்மேல் தப்பில்லை, நோவு என்று சொன்னது நான்தான். ஆனால் கேள், மக்கா. பாட்டு எப்படிக் கட்டியிருக்கிறதோ அப்படி ஏறி இறங்குவது, கை தெரிந்த எந்தக் குடக்காரனும் செய்வான். அதை உன் பெட்டியும் செய்துவிட்டது, நான் ஒத்துக்கொள்கிறேன். கட்டுமானத்துக்கு ஒத்துவராமல் மிஞ்சி நிற்கிற அந்தப் பள்ளம் மட்டும்தான் என் புருஷன். மற்றதெல்லாம் பாட்டுக்காக அடித்தது. அது எனக்காக அடித்தது. நாலு பேர் முன்னால் பெட்டியை வாசிக்க வைக்கப் போகிறாய் என்றாயே, அங்கே அந்த அடியில் பெட்டி தயங்கட்டும். இது ஏன் தடுமாறுகிறது என்று யாராவது கேட்பார்கள். கேட்டால் சொல்.

அத்தையை நான் மன்னித்துவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். குளிப்பாட்டுகிறேன், ஊட்டுகிறேன், முடி பின்னிவிடுகிறேன். மன்னிக்கவில்லை. உன் அப்பா மேலும் கோபம் போகவில்லை, வேறு கோபமாக மாறியிருக்கிறது. இத்தனை வருஷம் ஒரு கையைப் பிடித்துத் தைலம் தேய்த்தேனே, அப்போது ஒரு வாய் திறந்திருக்கக் கூடாதா? "ஒனக்காகத்தான் எறக்கினேன்" என்று மூன்று நொடிக்குள் சொல்லி முடிக்கிற பேச்சு. அது எனக்கு வந்து சேருவதற்கு அவர் சாக வேண்டியிருந்தது, நீ படிக்க வேண்டியிருந்தது, ஒரு பெட்டி வர வேண்டியிருந்தது. அந்தப் பேச்சு கையில் இருந்திருந்தால் நான் இந்த வீட்டில் வேறு ஆளாக இருந்திருப்பேன். உன் அக்காவிடம் கேள், அவள் பிள்ளைகளிடம் கேள், நான் எவ்வளவு கசப்பாக இருந்தேன் என்று.

நீ அவர் பிள்ளை. நீயும் பேசமாட்டாய். அதனால்தான் பயமாக இருக்கிறது. குலசேகரத்துப் பெண் வந்தபிறகு நான் அவளை ஏதாவது சொல்வேன். சொல்லாமல் இருக்கமாட்டேன், என்னை எனக்குத் தெரியும். குழம்பில் புளி கூடிவிட்டது என்பேன். விளக்கை இந்நேரமா ஏற்றுவது என்பேன். நாலு பேர் இருக்கும்போதே சொல்வேன். அன்றைக்கு நீ கம்ப்யூட்டருக்கு முன்னால் குனிந்து உட்கார்ந்திருக்காதே. பின்னால் அவளுக்குத் தனியாக ஒரு நல்லது செய்து சமாளிக்கலாம் என்றும் நினைக்காதே. எழுந்து வா. அவள் காது கேட்க, என் முகத்தைப் பார்த்து, "அம்மா, போதும் நிறுத்து" என்று சொல். நான் அழுவேன், சாப்பிடாமல் படுப்பேன், பெற்று வளர்த்த கணக்கெல்லாம் எடுப்பேன். எடுத்துவிட்டுப் போகிறேன். நீ சொல்.

உன் அம்மா